போர்க்காலத்தில் சூயஸ் கால்வாயை நடத்தியது யார்?

கேள்வி:
போரிலும் அமைதியிலும் எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் சூயஸ் கால்வாய் திறந்திருக்க வேண்டும் என்கிறது 1888ஆம் ஆண்டுக் கான்ஸ்டான்டிநோபிள் ஒப்பந்தம். ஆனால் இரண்டு உலகப் போர்களிலும் கரையில் நின்றது பிரிட்டிஷ் படை. அப்படியானால் கால்வாயை நடத்தியது சூயஸ் கால்வாய் நிறுவனமா, பிரிட்டிஷ் படையா?

பதில் 1:
இரண்டும்தான். கப்பல்களை வழிநடத்தும் பைலட்டுகள், தூர்வாரும் பணி, கட்டண வசூல் ஆகியவை பாரிசைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்திடம் இருந்தன. எந்தக் கப்பல் நுழையலாம் என்பதைப் படை தீர்மானித்ததால், எதிரி நாட்டுக் கப்பல்களுக்கு ஒப்பந்தம் ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது. 1915 பிப்ரவரி 3 அன்று சினாயைக் கடந்து வந்த உதுமானியப் படையை இந்தியத் துருப்புகள் பெரும்பங்கு வகித்து முறியடித்தன; கப்பல்கள் விரைவிலேயே மீண்டும் ஓடின.

பதில் 2:
1941இல் நிலைமை வேறு. ஜெர்மானிய விமானங்கள் போட்ட காந்தக் கண்ணிவெடிகளில் சில, முதலில் கடக்கும் கப்பல்களை எண்ணி விட்டுவிட்டுப் பின்னரே வெடிக்கும்படி அமைந்திருந்ததால், ஒரு முறை துழாவிப் பார்த்து வழி பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியவில்லை. ஆகவே கரையெங்கும் காவலர்கள் நின்று வெடி விழுந்த இடத்தைக் குறித்தார்கள். இரவில் நீரின் மேல் வலை விரித்து, காலையில் அதில் ஓட்டை தேடும் முறையும் கையாளப்பட்டது. எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது! பாரிஸ் ஜெர்மானியர் கையில் இருந்தபோதும் எகிப்திலிருந்த நிறுவன ஊழியர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள்.

பதில் 3:
ஐயா, 1882ஐ விட்டுவிட்டீர்கள். கால்வாயை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் லெசெப்ஸின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் பிரிட்டிஷ் தளபதி வூல்ஸ்லியின் படை அந்த ஆகஸ்டில் கால்வாயைக் கைப்பற்றி, அதன் கரையிலுள்ள இஸ்மாயிலியா நகரில் இறங்கியது. 1888 ஒப்பந்தமே அதற்குப் பிறகு வந்ததுதான்.