எக்கோ சரி என்றார்கள், எடை மட்டும் ஏறவில்லை: நுரையீரல் சிரைச் சுருக்கம், டெல்டா பெற்றோர் அனுபவங்கள்

வலங்கைமான் அம்மா:
என் மகன் 28 வாரத்தில் பிறந்தவன். எடை ஒரு கிலோவுக்கும் கீழே. பச்சிளங்குழந்தைப் பிரிவில் வெகுகாலம் ஆக்சிஜனில் இருந்தான். வீட்டுக்கு அனுப்பும் முன் எடுத்த எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயத்தில் சிறு ஓட்டை ஒன்று மட்டும் தெரிந்தது. தானாக மூடிவிடும் என்றார்கள். நான்காம் மாதத்தில், பால் குடிக்கும்போது நெற்றியில் முத்து முத்தாக வியர்க்க ஆரம்பித்தது. நாலு வாய் உறிஞ்சுவான், விட்டுவிட்டு மூச்சு வாங்குவான், மறுபடி நாலு வாய். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழும்.

உரம் விழுந்திருக்கிறது என்று மாமியார் ஒரு பாட்டியை அழைத்து வந்து சேலையில் போட்டு உருட்டச் செய்தார். தனியார் மருத்துவமனையில் நெஞ்சுச் சளி என்று நெபுலைசர் வைத்து அனுப்பினார்கள். சளி குறைந்தது மாதிரி இருக்கும், மறுவாரம் திரும்பி வந்துவிடும். எடைக்கோடு படுத்துக் கிடப்பதைக் கவனித்தவர் எங்கள் கிராம சுகாதார செவிலியர்தான். "இது வெறும் சளி இல்லை, இதய டாக்டரிடம் காட்டுங்கள்" என்று கையோடு சீட்டு எழுதிக் கொடுத்தார். சென்னையில் சி.டி. எடுத்தபோது, இடது நுரையீரலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டு வரும் இரண்டு சிரைகளும் (ரத்தக் குழாய்கள்) இதயத்தோடு சேரும் இடத்தில் சுருங்கியிருந்தன.

பிறந்தபோது இல்லாதது பிறகு எப்படி வரும்? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற செவிலியர்:
வரும் அம்மா. குறைமாதக் குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் பிறகுதான் வருகிறது. சிரையின் உட்சுவரில் செல்கள் தேவையில்லாமல் பெருகி வழியை அடைக்கின்றன. இதற்குச் சில வாரங்களும் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம். முதல் எக்கோவில் ஒன்றுமில்லை என்றால் அன்றைக்கு ஒன்றுமில்லை என்று மட்டும்தான் பொருள்.

நான் பார்த்த குழந்தைகளின் கேஸ் ஷீட்டைப் புரட்டினால் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வரும். 30 வாரத்துக்கு முன் பிறப்பு, மிகக் குறைந்த எடை, நாள்பட்ட நுரையீரல் நோய், பிறந்த பின் மூட வேண்டிய இதயக் குழாயோ ஓட்டையோ மூடாமல் அதன் வழியாக நுரையீரலுக்குப் பாயும் அதிக ரத்தம். சிலருக்குக் குடல் அழுகல் நோயும் வந்து போயிருக்கும். டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளிடமும் பார்த்திருக்கிறேன். இவை இருந்தால் வந்தே தீரும் என்று இல்லை. ஆனால் இப்படிப்பட்ட குழந்தைக்கு ஆக்சிஜன் தேவை குறையாமல் நின்றாலும், குறைந்து மறுபடி கூடினாலும், மீண்டும் எக்கோ எடுக்கும்போது "நான்கு சிரைகளையும் பார்த்தீர்களா" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயப்படுகிறவர்கள் நம் பக்கத்தில் அதிகம். கோபித்தால் கோபிக்கட்டும்.

மன்னார்குடி அப்பா:
எங்கள் கதை வேறு. மகளுக்கு நான்கு சிரைகளுமே பிறவியிலேயே இடம் மாறி இணைந்திருந்தன. அதனால் பிறந்த சில நாளிலேயே அறுவை சிகிச்சை. முடிந்ததும் உறவுக்காரர்கள் எல்லோரும் "கண்டம் கழிந்தது" என்றார்கள். மருத்துவர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகளில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு மீண்டும் அடைப்பு வரலாம், வந்தால் பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் வரும், தவறாமல் வாருங்கள் என்றார். பிறக்கும்போதே வழி அடைபட்டிருந்த குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதலாம். என் மகள் அந்த வகை.

குறுவை நாற்று விட்டிருந்த சமயத்தில் மூச்சு வேகம் கூடியது. சென்னைக்கு மன்னை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டோம். இரண்டாம் முறை தையல் இல்லாத முறையில் செய்தார்கள். சிரையின் வெட்டிய விளிம்பில் ஊசி படாமல், அதைச் சுற்றியுள்ள இதய உறையை இதயத்தின் மேலறையோடு சேர்த்துத் தைக்கிறார்கள். 1990களின் பிற்பாதியில் வந்த உத்தி இது என்று படம் போட்டுக் காட்டினார் அந்த மருத்துவர். மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். ஓட்டத்தில் பின்தங்குவாள், வாயில் யாரையும் முந்தவிட மாட்டாள்.

நாகை அப்பா:
மகிழ்ச்சிக் கதைகளுக்கு நடுவே இதையும் சொல்ல வேண்டும். எங்கள் பையனுக்கு இரண்டு நுரையீரலிலும் நான்கு சிரைகளும் பாதித்திருந்தன. கண்டுபிடித்தபோது மூன்று மாதம். பலூன் வைத்து விரித்தார்கள். சில வாரத்தில் மறுபடி சுருங்கியது. சிரையைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தார்கள்; அதற்குள்ளும் அடைப்பு வளர்ந்தது. அடைப்பு நுரையீரலுக்கு உள்ளே உள்ளே ஏறிக்கொண்டே போனது. முதல் பிறந்தநாளுக்கு முன் போய்விட்டான். மருத்துவர்கள் எதையும் மறைக்கவில்லை, பொய் நம்பிக்கையும் கொடுக்கவில்லை. அதற்கு நன்றி உண்டு.

வலங்கைமான் அம்மா:
அண்ணா, என்ன சொல்வதென்றே தெரியவில்லை. எழுதியதற்கு நன்றி.

திருச்சி, குழந்தைகள் இதய மருத்துவர்:
நாகை நண்பர் சொன்னதில்தான் இந்த நோயின் போக்கு முழுவதும் இருக்கிறது. எத்தனை சிரைகள், ஒரு பக்கமா இரு பக்கமா, எந்த வயதில் தெரிந்தது, அடைப்பு உள்ளே ஏறியிருக்கிறதா, நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் எவ்வளவு: எதிர்காலத்தைத் தீர்மானிப்பவை இவை. ஆறு மாதத்துக்குள் தெரிய வந்து, மூன்று நான்கு சிரைகள் பாதித்திருந்தால் கடினம். பழைய ஆய்வுகளில் கடுமையான வகையில் ஏறத்தாழ பாதிக் குழந்தைகளை இழந்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு சிரைகள் மட்டும் என்றால் நிலைமை எவ்வளவோ மேல். வலங்கைமான் சகோதரி இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நுரையீரல் அழுத்தம் கூடியிருக்கிறது என்று தெரிந்ததும் நுரையீரல் ரத்தக் குழாய்களை விரிக்கும் சில்டெனாபில் மருந்தைத் தொடங்குவது வழக்கம். சிரை அடைந்திருப்பது தெரியாமல் அதைக் கொடுத்தால் சில குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் அதிகமாகிவிடும். வடிகால் தூர்ந்து கிடக்கும் வயலில் மதகை அகலத் திறப்பது போலத்தான்; நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆகவே மருந்து தொடங்கிய பின் குழந்தை மோசமானால், சிரைகளைத் தேடிப் பார்க்க அதுவே காரணம். எக்கோவில் தெளிவில்லாவிட்டால் சி.டி. ஆஞ்சியோகிராம் அல்லது கேத் (ரத்தக் குழாய் வழியே மெல்லிய குழாய் செலுத்திப் பார்க்கும் சோதனை) செய்துதான் உறுதிப்படுத்த வேண்டும்.

மயிலாடுதுறை அம்மா:
நாங்கள் பலூன் சிகிச்சையோடு சிரோலிமஸ் என்ற மருந்தும் கொடுக்கிறோம். சிரைச் சுவரில் செல்கள் பெருகாமல் தடுக்க. நம் ஊர் மருந்துக்கடையில் சீட்டை நீட்டினால், "கிட்னி மாற்றிய குழந்தையா" என்று கேட்கிறார்கள். உறுப்பு மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் மருந்துதானே. ஈஸ்டர் தீவின் மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்ததாம். எங்கேயோ கடல் நடுவில் கிடந்த மண், மயிலாடுதுறையில் ஒரு பிள்ளையின் நெஞ்சுக்கு வேலை செய்கிறது!

கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை உண்டு. ரத்தத்தில் மருந்தின் அளவைத் தவறாமல் பார்க்க வேண்டும். வாயில் புண் வரும். எங்கள் பாப்பா சாதத்தைக் கண்டாலே தலையைத் திருப்பிக்கொண்ட நாட்கள் உண்டு. நோய் எதிர்ப்புச் சக்தி குறைவதால் ஒன்பதாம் மாதத் தட்டம்மை-ரூபெல்லா போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை இதய மருத்துவரிடம் கேட்காமல் போடக்கூடாது. அங்கன்வாடியில் தேதி வந்துவிட்டது என்று அவசரப்படுத்துவார்கள். மருந்துச் சீட்டைக் காட்டிவிடுங்கள். மிக முக்கியமானது, இருமலுக்கு யாராவது கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சிரப் எழுதினால் நிறுத்திக் கேளுங்கள். அது சிரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். எங்களுக்கு ஒருமுறை எழுதிவிட்டார்கள். சீட்டைப் பார்த்த மருந்துக்கடைக்காரர்தான் பிடித்தார்.

மன்னார்குடி அப்பா:
வலங்கைமான் சகோதரி, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றுக்கு இன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். மருத்துவமனையில் சேர்த்த பிறகு ஓடுவது சிரமம். சி.டி. படங்களைக் குறுந்தகட்டில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கைத் தாளை மட்டும் வைத்து அடுத்த மருத்துவர் எதுவும் சொல்ல மாட்டார்.