விலை பேசும் மெயிலில் "இஃப்" வந்தால் "வில்" வரக்கூடாதா?

வரவுசெலவு:
வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய மெயிலில் இரண்டு வரிகள் திருத்தத்தோடு திரும்பி வந்துள்ளன.
1) "இஃப் யூ வில் ஆர்டர் 500 பீசஸ், வி வில் கிவ் 5 பர்சென்ட் டிஸ்கவுண்ட்." முதல் "வில்" அடிக்கப்பட்டிருக்கிறது. நாளைக்கு நடக்கப்போவதைத்தானே சொல்கிறோம்?
2) "ப்ளீஸ் செண்ட் தி பேமெண்ட் பை ஃப்ரைடே." அதட்டலாக இருக்கிறது என்று குறிப்பு. ப்ளீஸ் போட்ட பிறகும் என்ன அதட்டல்?

சொல்லேர்:
"வில்"லை அடித்தது சரிதான். தமிழிலேயே பாருங்கள்: "ஆர்டர் கொடுத்தால் தருவோம்." நாளைய பேச்சுதான், ஆனாலும் "கொடுத்தால்" இறந்தகால உருவில்தான் நிற்கிறது. எதிர்காலம் "தருவோம்" என்பதில் மட்டும். ஆங்கிலத்திலும் "இஃப்" இருக்கும் பாதியில் "வில்" தேவையில்லை: "இஃப் யூ ஆர்டர் 500 பீசஸ், வி வில் கிவ்..."

சிக்கல் அடுத்ததில் இருக்கிறது. நம்முடைய "கொடுத்தால் தருவோம்" ஒன்றுதான். ஆங்கிலம் அதை இரண்டாகப் பிரிக்கும். "இஃப் யூ ஆர்டர்ட், வி வுட் கிவ்" என்பது இரண்டாவது. "ஆர்டர்ட்" என்றதும் முடிந்துபோன விஷயம் என்று நினைக்காதீர்கள். "ஒருவேளை அப்படி நடந்தால்" என்று சற்று எட்ட நின்று பேசுகிற இறந்தகாலம் அது. விலைப் பேச்சில் வித்தியாசம் பெரிது. "வில்" போட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. அவர் 500 என்று சொன்ன மறுநிமிடம் 5 சதவீதம் தந்தாக வேண்டும். "வுட்" போட்டால் ஆழம் பார்க்கிறீர்கள். முதல் சுற்றில் "வுட்", ஒத்துவந்த பிறகு "வில்". பலர் இரண்டையும் கலந்து "இஃப் யூ ஆர்டர், வி வுட் கிவ்" என்று எழுதிவிடுகிறார்கள். தருவீர்களா மாட்டீர்களா என்று படிப்பவர் குழம்புவார்.

மூன்றாவது வகை நமக்குச் சுலபம், தமிழிலும் தனி உருவம் உண்டு: "கொடுத்திருந்தால் தந்திருப்போம்." ஆனால் மெயிலில் இது பழி போடுவது போல ஒலிக்கும். "இஃப் யூ ஹேட் பெய்ட் ஆன் டைம்" என்று எழுதுவதைவிட "இஃப் வி ஹேட் ரிசீவ்ட் தி பேமெண்ட் ஆன் டைம்" நல்லது. செய்தி அதேதான், "யூ" மட்டும் காணாமல் போயிருக்கும்.

கடுதாசி:
ப்ளீஸ் விஷயத்துக்கு வருகிறேன். "அனுப்புங்கள்" என்பதில் "ங்கள்" மரியாதையைச் சுமக்கிறது. ஆங்கில "செண்ட்"டுக்கு அந்த வால் கிடையாது. அனுப்பு, அனுப்புங்கள் இரண்டுக்கும் அதே சொல். அதனால் ப்ளீஸ் சேர்த்தாலும் கட்டளை கட்டளைதான். கேள்வியாக மாற்றினால்தான் தணியும்: "குட் யூ ப்ளீஸ் செண்ட் தி பேமெண்ட் பை ஃப்ரைடே?" அலுவலக நண்பருக்கு இதுவே தாராளம். வெளியாருக்கு இன்னொரு படி: "வி வுட் அப்ரிஷியேட் இட் இஃப் யூ குட் செண்ட்..." அந்தக் குட்டி "இட்"டை விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் அதுதான் தவறிப்போகிறது. "வுட்" போட்டால் பின்னால் "கேன்" வேண்டாம், "குட்" போடுங்கள்.

"வெள்ளிக்கிழமைக்குள்" என்றால் "பை". "டில்" போட்டால் "வெள்ளிக்கிழமை வரை" என்றாகி, அதுவரை அனுப்பிக்கொண்டே இருக்கச் சொன்னதாகிவிடும்!

மூன்றாவது நினைவூட்டல் என்றால் இந்தப் பணிவெல்லாம் எடுபடாது. பில் எண், தொகை, கெடு தேதி. அவ்வளவுதான்.

எதிரொலி:
ஒன்று சேர்க்கிறேன். "வுட் யூ மைண்ட் செண்டிங்...?" என்று அவர்கள் கேட்டால், அனுப்பச் சம்மதம் என்பதற்கு "எஸ்" சொல்லாதீர்கள். கேள்வி "அனுப்புவதில் ஆட்சேபம் உண்டா" என்பது. "எஸ்" என்றால் ஆட்சேபம் உண்டு என்றாகும். "நாட் அட் ஆல்" என்பதே சம்மதம். "மைண்ட்"டுக்குப் பின்னால் "டு செண்ட்" வராது, "செண்டிங்"தான்.

வரவுசெலவு:
புரிந்தது, நன்றி. திருத்தி எழுதியிருக்கிறேன், பாருங்கள்: "வி வுட் அப்ரிஷியேட் இட் இஃப் யூ குட் செண்ட் தி பேமெண்ட் பை ஃப்ரைடே. அன்லெஸ் வி டோண்ட் ரிசீவ் இட், வி கேனாட் ஷிப் தி கூட்ஸ்."

சொல்லேர்:
முதல் வரி கச்சிதம். இரண்டாவதில் பொருள் தலைகீழாகிவிட்டது. "அன்லெஸ்" என்பதிலேயே "இல்லாவிட்டால்" இருக்கிறது. கூடவே "டோண்ட்" போட்டதால், பணம் வந்தால் சரக்கு அனுப்ப மாட்டோம் என்று படிக்கிறது. "அன்லெஸ் வி ரிசீவ் இட்" போதும். "வி கேனாட்" முன்னால் "ஐம் அஃப்ரெய்ட்" சேர்த்துக்கொள்ளுங்கள். பயம் ஒன்றும் இல்லை, "மன்னிக்கவும்" என்கிற தொனிக்குத்தான்.