போட்டிச் சட்டப் பொருளாதார வல்லுநர் வேலை: என்ன படிக்கணும், நிஜத்தில் என்ன செய்யணும்?

தராசுமுள் (கேள்வி)
பொருளாதாரத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு. நிறுவன இணைப்பு, கார்ட்டெல் (போட்டியாளர்கள் ரகசியமாகக் கூடி விலையை நிர்ணயிப்பது), சந்தையில் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துதல் போன்ற வழக்குகளில் பொருளாதார வல்லுநராக வேலை செய்ய ஆசை. சட்டப் பட்டமும் வேண்டுமா? பிஎச்.டி. இல்லாமல் உள்ளே போக முடியுமா? அன்றாட வேலை எப்படி இருக்கும்?

எண்வழி
சட்டப் பட்டம் தேவையில்லை. ஆனால் தீர்ப்புகளைப் படித்துப் பழகுங்கள். பொருளாதாரச் சான்றை நீதிமன்றம் எங்கே ஏற்றது, எங்கே தள்ளியது, ஏன் தள்ளியது என்று பார்க்கத் தெரிய வேண்டும். 2002-இல் ஏர்டூர்ஸ், ஷ்னைடர், டெட்ரா லாவல் என மூன்று வழக்குகளில் ஐரோப்பிய ஆணையம் (ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பு) விதித்த இணைப்புத் தடைகளை நீதிமன்றம் ரத்து செய்தது. மறு ஆண்டே ஆணையம் தலைமைப் போட்டிப் பொருளாதார வல்லுநர் என்ற பதவியை உருவாக்கியது. இந்தத் துறையின் கனம் அந்த மூன்று தீர்ப்புகளிலேயே தெரியும். அங்கிருந்து தொடங்குங்கள்.

பிஎச்.டி. இடத்தைப் பொறுத்தது. அமெரிக்க அரசு அமைப்புகளில் வல்லுநர் பதவிக்கு அதுதான் வழக்கம். ஐரோப்பிய ஆலோசனை நிறுவனங்கள் முதுகலை முடித்தவர்களையும் எடுக்கின்றன. ஆனால் நீதிமன்றத்தில் சொந்தப் பெயரில் சாட்சி சொல்லும் நிலைக்குப் போக நினைத்தால், பிஎச்.டி. இல்லாதவர்களுக்குப் பாதை நீளும்.

நேர்காணலில் "இந்த இரண்டு நிறுவனங்கள் இணைகின்றன, என்ன டேட்டா கேட்பீர்கள்?" என்பது அடிக்கடி வரும். சந்தைப் பங்கு என்று ஆரம்பித்து அதிலேயே நின்றுவிடாதீர்கள். பரிவர்த்தனை வாரியான விற்பனை, டெண்டரில் யார் யாரிடம் தோற்றார்கள், வாடிக்கையாளர் மாறிய பதிவுகள், மார்ஜின் (விலையில் மாறும் செலவு போக மிஞ்சும் பங்கு), நிர்வாகக் குழுவுக்குப் போன உள் அறிக்கைகள் எல்லாம் வேண்டும். கடைசியாகச் சொன்னதை மாணவர்கள் மறந்தே போவார்கள்.

கணக்கன்
இணைப்பு வேலையில் நேரம்தான் எதிரி. ஐரோப்பிய ஆணையத்தில் முதல் கட்ட ஆய்வுக்கு 25 வேலை நாட்கள். அதனால் முக்கால்வாசி வேலை தாக்கல் செய்வதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் வருவது ஹெச்ஹெச்ஐ, அதாவது ஒவ்வொரு நிறுவனத்தின் சந்தைப் பங்கையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் வரும் செறிவுக் குறியீடு. 20 சதவீதமும் 15 சதவீதமும் வைத்திருப்பவர்கள் இணைந்தால், குறியீடு 2 × 20 × 15 = 600 புள்ளி ஏறும். அமெரிக்காவின் 2023 இணைப்பு வழிகாட்டுதல்படி, இணைப்புக்குப் பின் குறியீடு 1,800-ஐத் தாண்டி, ஏற்றமும் 100-க்கு மேல் இருந்தால் போட்டிக்குப் பாதகம் என்ற அனுமானம் எழும். ஆனால் பங்கைக் கணக்கிட முதலில் சந்தை எது என்று தெரிய வேண்டும். சண்டையெல்லாம் அங்கேதான்.

அதற்கான சோதனை இது: ஒரு கூட்டம் பொருட்களை ஒரே நிறுவனத்தின் கையில் கொடுத்தால், விலையை 5 சதவீதம் உயர்த்துவது லாபமா? ஈடுகட்டக்கூடிய அதிகபட்ச விற்பனை இழப்பு = விலை உயர்வு ÷ (விலை உயர்வு + மார்ஜின்). மார்ஜின் 40 சதவீதம் என்றால் 5 ÷ 45, அதாவது 11.1 சதவீதம். அதற்கு மேல் இழந்தால் உயர்வு நஷ்டம், சந்தையை இன்னும் விரிக்க வேண்டும்.

தராசுமுள்
அப்படியானால் மார்ஜின் கூடக்கூட இந்த எல்லை சிறுத்துவிடுமே. மார்ஜின் 60 என்றால் 7.7 சதவீதம்தான். அதிக மார்ஜின் உள்ள தொழிலில் சந்தை எப்போதும் அகலமாகத்தான் வருமா?

கணக்கன்
வராது. பலரும் விழும் குழி இது. மார்ஜின் அதிகம் என்பதே, விலை ஏறினாலும் வாடிக்கையாளர் எளிதில் ஓடமாட்டார் என்பதன் அடையாளம். எல்லை சிறுக்கும்போது, நிஜ இழப்பும் கூடவே சிறுக்கும். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்ட அறிக்கையை எதிர்த்தரப்பு வல்லுநர் ஒரே பத்தியில் உடைத்துவிடுவார். ஒரு பொருளை விட்டுப் போகும் 100 பேரில், அதே கூட்டத்துக்குள் இருக்கும் மற்றப் பொருளுக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்று பாருங்கள். 30 பேர் என்றால், அந்த 30 சதவீதம் மேலே சொன்ன 11.1-ஐவிட அதிகம். வழக்கமான அனுமானங்களின் கீழ் அந்தக் கூட்டமே சந்தை.

ஆதிக்க வழக்குகளில் இன்னொரு பொறி உண்டு. 1956 டூபான்ட் வழக்கில், அமெரிக்காவில் விற்ற செலோஃபேனில் (ஒளி ஊடுருவும் மெல்லிய உறைத்தாள்) முக்கால் பங்கு அந்த நிறுவனத்துடையது. ஆனால் சந்தை 'நெகிழ் பொதிப் பொருட்கள் எல்லாம்' என்று எடுக்கப்பட்டதால் செலோஃபேனின் பங்கு 20 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. விலை ஏற்கெனவே ஏகபோக உயரத்தில் இருந்தால், அதற்கு மேல் ஏற்றும்போது யாரும் மாற்றுப் பொருளுக்குத் தாவத்தான் செய்வார்கள். சோதனையை இன்றைய விலையிலிருந்து தொடங்கினால் ஆதிக்கம் கண்ணில் படாது.

மூன்றாம் பத்தி
கார்ட்டெல் நஷ்டஈடு வேலையையும் சொல்ல வேண்டும். கேள்வி எளிது: கார்ட்டெல் இல்லாவிட்டால் விலை என்னவாக இருந்திருக்கும்? மூலப்பொருள் செலவு, தேவை ஆகியவற்றைக் கட்டுப்படுத்தி, கார்ட்டெல் காலத்துக்கு ஒரு டம்மி (அந்தக் காலத்துக்கு 1, மற்றக் காலத்துக்கு 0 என்ற மாறி) வைத்து ரெக்ரஷன் (ஒவ்வொரு காரணியின் விளைவையும் பிரித்துக் காட்டும் புள்ளியியல் முறை) ஓட்டுவார்கள். தப்பு வருவது பெரும்பாலும் சமன்பாட்டில் இல்லை, டேட்டாவில். இன்வாய்ஸ் விலையை எடுத்திருப்பார்கள், ஆண்டுக் கடைசியில் கொடுத்த தள்ளுபடி வேறு கோப்பில் கிடக்கும். திரும்பி வந்த சரக்கு மைனஸ் அளவாகப் பதிவாகியிருக்கும். சில வரிகள் கிலோவில், சில டன்னில் இருக்கும். கார்ட்டெல் கலைந்த மறுநாளே விலை இறங்கிவிடாது, அதனால் அதை ஒட்டிய மாதங்களை 'சுத்தமான காலம்' என்று எடுத்தால் நஷ்டம் குறைத்துக் காட்டும். வாங்கியவர் கூடுதல் விலையைத் தன் வாடிக்கையாளர் தலையில் கட்டினாரா என்பது தனி ஆய்வு.

மென்பொருள் ஆர், ஸ்டாட்டா, பைத்தான் எதுவானாலும் சரி, மூல டேட்டாவிலிருந்து கடைசி அட்டவணைவரை ஒரே ஸ்கிரிப்டில் ஓட வேண்டும். எக்ஸெலில் கையால் மாற்றிய ஒரு செல், எதிர்த்தரப்பு அதே கணக்கை மறுபடி போடும்போது வெளியே வந்துவிடும்.

எண்வழி
இதோடு எழுத்தும் சேர வேண்டும். பணம் கொடுப்பவர் யாராக இருந்தாலும், சாட்சி சொல்லும் வல்லுநரின் முதல் கடமை தீர்ப்பாயத்துக்கு. முடிவு எந்த அனுமானத்தில் நிற்கிறது, அதை மாற்றினால் எண் எவ்வளவு நகரும் என்பதை அறிக்கையே சொல்லிவிட வேண்டும். குறுக்கு விசாரணையில் அது முதல்முறையாக வெளிவந்தால், மீதி அறிக்கை சரியாக இருந்தும் பயனில்லை. பயிற்சிக்கு, வெளியான ஒரு இணைப்பு முடிவை எடுத்து, அதன் சந்தை வரையறைப் பகுதியைக் கணிதம் தெரியாத நீதிபதிக்கு இரண்டு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எழுத்து மாதிரி கேட்டால் அதையே கொடுக்கலாம்.