சானல்கரையில் குப்பை: அபராதம் உண்மையிலேயே போடுவார்களா?

சானல்கரைவாசி:
வீடு நாகர்கோவிலைத் தாண்டி ஒரு சானல்கரையில், அதாவது பாசன வாய்க்கால் ஓரத்தில் (எந்தச் சானல் என்று சொன்னால் வார்டே தெரிந்துவிடும், வேண்டாம்). கலுங்கு என்கிற சிறு பாலத்துப் பக்கத்தில் "குப்பை கொட்டாதீர், மீறினால் அபராதம்" என்று ஒரு போர்டு நிற்கிறது. குப்பை கிடப்பதும் அதன் காலடியில்தான், இருட்டில் வருகிறவர்களுக்கு அதுதானே அடையாளம்! விடியற்காலை ஐந்தரைக்கு ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தாமலே கவரை வீசிவிட்டுப் போகிறார், ஞாயிற்றுக்கிழமை கோழிக்கழிவு, சாயங்காலமானால் நாலு பேர் கலுங்கு மேல் உட்கார்ந்து குடித்துவிட்டுப் பாட்டிலை அங்கேயே உடைக்கிறார்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டால் சானல் நீர்வளத்துறையுடையது என்கிறார்கள். அங்கே போனால் தண்ணீர்தான் எங்கள் பாடு, குப்பை அவர்கள் பாடு என்று பதில். குடிக்கிறவர்களைப் பற்றிக் கேட்டால் இரண்டு இடத்திலும் போலீஸ் ஸ்டேஷனைக் காட்டுகிறார்கள். யாராவது ஒருவரையாவது அபராதம் கட்ட வைத்திருக்கிறீர்களா?

பழைய எழுத்தர்:
குடி விஷயத்தில் அவர்கள் சொன்னது சரி, அது போலீஸ் வேலை, 100-க்குக் கூப்பிடுங்கள். குப்பை விஷயத்தில் தட்டிக்கழிக்கிறார்கள். தெருவிலோ ஓடையிலோ நீர்நிலையிலோ குப்பை வீசக்கூடாது, எரிக்கக்கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கிறது, ஸ்பாட் பைன் போடும் பொறுப்பையும் உள்ளாட்சிக்குத்தான் கொடுத்திருக்கிறது. மனுவில் "அடிக்கடி கொட்டுகிறார்கள்" என்று எழுதினால் அது பைலுக்குள் தூங்கும். தேதி, மணி, இடம், வண்டி நம்பர் எழுதுங்கள். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, போன வருடம் எத்தனை பேருக்கு அபராதம், எவ்வளவு வசூல் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட எந்த அதிகாரிக்கும் கை வராது, அதற்குள் நாலு ரசீதாவது கிழிப்பார்கள். போட்டோவை மட்டும் பேஸ்புக்கில் போட்டுவிடாதீர்கள், ஆள் மாறிப்போனால் வம்பு உங்களுக்கு.

களியக்காவிளை பக்கம்:
உங்களுக்கு ஸ்கூட்டர், எங்களுக்குக் கேரள எல்லை தாண்டி வருகிற லாரி. 2024 டிசம்பரில் நெல்லைப் பக்கம் கேரள ஆஸ்பத்திரிக் கழிவைக் கொட்டியது பசுமைத் தீர்ப்பாயம் வரை போய், கடைசியில் கேரள அதிகாரிகளே வந்து லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள், ஞாபகம் இருக்கும். அடுத்த வருடமே மருத்துவக் கழிவு கொட்டுகிறவர்கள் மேல் குண்டர் சட்டம் பாய்கிற மாதிரித் திருத்தம் கொண்டுவந்தார்கள். வண்டியைப் பிடித்து வைத்தால்தான் பயம் வருகிறது, நூறு இருநூறு அபராதத்தை அவர்கள் டீசல் செலவோடு சேர்த்துவிடுவார்கள். அதற்காக எல்லாவற்றையும் கேரளத்தின் தலையில் கட்டவும் முடியாது. எங்கள் ஓடையில் மிதக்கிற கவர்களில் எல்லாம் மார்த்தாண்டம் கடைப் பெயர்தான் இருக்கிறது.

மதில்காரன்:
மதிலில் சாமி, மாதா, மசூதி மூன்று படமும் ஒட்டினோம். மூத்திரம் நின்றது. குப்பை மூன்றடி தள்ளிப் போனது.

மீன்சட்டி:
திட்டாதீர்கள், நானும் கொட்டியவள்தான். ஆறே முக்காலுக்கு எனக்கு பஸ், குப்பை வண்டி பத்து மணிக்கு வரும். சாளை மீன் வெட்டின கழிவை சாயங்காலம் வரை வீட்டில் வைத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம். போர்டைப் பார்த்து நான் திருந்தவில்லை. தெருவுக்கு வருகிற தூய்மைப் பணியாளர் அக்கா, மூடி போட்ட வாளியை கேட் ஓரம் வையுங்கள், எடுத்துக்கிடுகிறேன் என்று சொன்னதோடு நிறுத்திவிட்டேன். அண்ணே, அபராதத்தோடு வண்டி நேரத்தையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஐந்தரை மணி ஆளும் என்னை மாதிரி வேலைக்கு ஓடுகிறவராக இருக்கலாம்.

சானல்கரைவாசி:
எல்லோருக்கும் நன்றி. பத்து ரூபாய் மனு போட்டாச்சு. வண்டி நேரத்துக்கு தெருவில் பதினாலு பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். நேற்று 100-க்குக் கூப்பிட்டேன், ஒரு ரோந்து வண்டி வந்தது, நாலு பேரும் எழுந்து அடுத்த கலுங்குக்குப் போனார்கள். இன்று காலை டார்ச்சோடு நின்று ஸ்கூட்டர் நம்பரையும் எடுத்துவிட்டேன் மக்களே. ஒரே சிக்கல், ஹெல்மெட்டைக் கழற்றினால் என் மனைவியின் சித்தப்பா. நம்பர் போனில்தான் கிடக்கிறது, மனுவில் இன்னும் எழுதவில்லை.

பழைய எழுத்தர்:
ரசீதை மருமகன் பேரில் போடச் சொல்லுங்கள்.