வயிற்றுப் பிடிப்புக்கான டைசைக்ளோமின் தர முடியாத 67 வயது நோயாளி: அடுத்து என்ன?

மருத்துவ நண்பர்களே, தண்டையார்பேட்டை கிளினிக்கில் ஒரு நோயாளி. சாப்பிட்டதும் அடிவயிற்றைப் பிடித்து முறுக்கும் வலி, மலம் கழித்தால் குறைகிறது. எட்டு மாதமாக இப்படித்தான். எடை குறையவில்லை, ஸ்கேன், கொலனோஸ்கோப்பி, தைராய்டு எல்லாம் நார்மல். ஐபிஎஸ் (IBS, எரிச்சலுறு குடல் நோய்) என்றே முடிவு.

சிக்கல் இங்கேதான். புராஸ்டேட் வீக்கம், அதற்கு டாம்சுலோசின் 0.4 மிகி எடுக்கிறார். கிரியேட்டினின் 1.9, அதாவது சிறுநீரகமும் பலவீனம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைசைக்ளோமின்–மெஃபனமிக் (வலிநிவாரணி) கூட்டு மாத்திரை இரண்டே வேளையில் சிறுநீரை அடைத்து, கதீட்டர் வரை போனது. (சீட்டில்லாமல் இதை நீட்டுவது எப்போது நிற்குமோ.) அதேபோல் சிறுநீரை அடைக்கக்கூடும் என்பதால் ஹையோசினும் அமிட்ரிப்டிலினும் வேண்டாம் என்று விட்டேன்.

வேறு வகைப் பிடிப்பு மருந்தான டிரோட்டாவெரின் 40 மிகி மூன்று வேளை: நான்காம் நாள் எழுந்து நின்றால் தலைசுற்றல், பிபி 100/60. பிபியைக் குறைக்கக்கூடிய டாம்சுலோசினோடு சேர்ந்த விளைவாக இருக்கலாம், நிறுத்தினேன். அடுத்து, குடல் தசையைத் தளர்த்தும் மெபெவெரின் 135 மிகி, சாப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்பு, மூன்று வேளை: நான்கு வாரத்தில் பாதி வலிதான் குறைந்தது. 200 மிகி எஸ்ஆர் (மெதுவாக வெளியாகும் வகை) இரு வேளை என்றாலும் நாளுக்கு 400தான், இப்போதே 405, பெரிய வித்தியாசம் வராது. இசப்கோல் தொடர்கிறது. புதினா எண்ணெய் கூட்டக்கூடிய நெஞ்செரிச்சல் இவருக்கு இல்லை.

குடலில் கரையும் புதினா எண்ணெய் கேப்ஸ்யூலை மெபெவெரினோடு சேர்த்துக் கொடுத்தவர்கள், என்ன அளவில், எத்தனை வாரம் பார்த்து முடிவெடுத்தீர்கள்?