கடைசி இடத்துக்கு ஓடுவதும் ஒரு திட்டமா? பஃபலோவில் விழுந்த அந்த ஒரு கோல்

நீலக்கோடு:
நேற்று என்எச்எல் (வட அமெரிக்கப் பனி ஹாக்கி லீக்) பற்றிய வேறொரு இழையில் பனித்தளம்77 போகிற போக்கில் இப்படி எழுதிவிட்டுப் போனார்: "என்எச்எல்லில் கோப்பை வேண்டுமா? இரண்டு சீசன் தோற்றுக் கடைசி இடத்தில் கிட. டிராஃப்டில் பெரிய ஆளைப் பிடி. பஃபலோ செய்தது சரிதான், அதிர்ஷ்டம்தான் கைகொடுக்கவில்லை." டிராஃப்ட் என்பது இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது, மோசமாக ஆடிய அணிக்கு முன்னுரிமை. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தத் தனி இழை.

2015 மார்ச் 26. பஃபலோ சேபர்ஸின் சொந்த அரங்கம். எதிரணி அரிசோனா கயோட்டீஸ். பட்டியலில் கடைசி இரண்டு அணிகள். ஆட்டம் 3-3 என்று ஓவர்டைமுக்குப் போகிறது, அதில் முதல் கோல் அடிப்பவருக்கே வெற்றி. அரிசோனாவின் சாம் காக்னர் கோல் அடிக்கிறார். பஃபலோ சட்டை போட்ட ஆட்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்கிறார்கள்! சொந்த அணி தோற்றதற்கு! அந்த அணியின் தடுப்பாட்டக்காரர் மைக் வெபர் ஆட்டம் முடிந்து பத்திரிகைக்காரர்களிடம் மனம் நொந்து பேசினார். அந்தக் கைதட்டலைச் சரி என்று சொல்ல முடிந்தால், பனித்தளம்77, இங்கே வந்து சொல்லுங்கள்.

பனித்தளம்77:
வந்துவிட்டேன். சரிதான் என்றே சொல்கிறேன். கணக்குத் தெரிந்தவர்கள் தட்டிய கை அது.

சீசன் முடிவில் பஃபலோ 54 புள்ளி, அரிசோனா 56. அந்த ஓவர்டைம் கோலைப் பஃபலோ அடித்திருந்தால் ஒரு புள்ளி இடம் மாறி இரண்டும் 55. கடைசி இடம் யாருக்கு என்பதே இழுபறியாகியிருக்கும். கடைசி இடத்துக்கு அந்த வருடம் என்ன மதிப்பு தெரியுமா? டிராஃப்டில் யார் முதலில் தேர்வு செய்வது என்று குலுக்கும் லாட்டரி எப்படி விழுந்தாலும் இரண்டாவது தேர்வுக்குக் கீழே போக முடியாது. அதாவது அந்த டிராஃப்டின் பெரிய ஆட்களான கானர் மெக்டேவிட் அல்லது ஜாக் ஐக்கல், இருவரில் ஒருவர் நிச்சயம். லாட்டரியில் எட்மன்டன் ஜெயித்து மெக்டேவிட்டைக் கொண்டுபோனது. பஃபலோவுக்கு ஐக்கல். அரிசோனா மூன்றாம் இடத்துக்குச் சரிந்து டிலன் ஸ்ட்ரோமை எடுத்தது. ஐக்கலையும் ஸ்ட்ரோமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தக் கோலின் விலை அதுதான்.

நீலக்கோடு:
ஐக்கல் கிடைத்தார். சரி. கோப்பை எங்கே?

2011க்குப் பிறகு 2025 வரை பஃபலோ ஒரு பிளேஆஃபைக்கூட (சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) பார்க்கவில்லை. வரிசையாக 14 சீசன். என்எச்எல் வரலாற்றிலேயே இவ்வளவு நீண்ட வறட்சி வேறு எந்த அணிக்கும் இல்லை. 2014இலும் அதே அணிதான் கடைசி, அதை மறந்துவிட்டீர்கள். அப்போதும் லாட்டரியில் ஃபுளோரிடா முந்திக்கொண்டது, பஃபலோவுக்கு இரண்டாவது தேர்வில் சாம் ரைன்ஹார்ட். இரண்டு வருடம் தோற்றுத் தேடிய செல்வம் இது. ஐக்கல் கோப்பை தூக்கினார், 2023இல், வேகாஸ் சட்டையில். ரைன்ஹார்ட் தூக்கினார், 2024இல், ஃபுளோரிடா சட்டையில், இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டத்தின் வெற்றிக் கோலையும் அவரே அடித்து. பஃபலோவில் ஆடிய ரையன் ஓ'ரைலியை 2018இல் செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருடமே கோப்பை, பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. கிளம்புவதற்கு முன் அந்த மனிதர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? தோல்வி எல்லோருக்கும் பழகிவிட்டது, ஆட்டத்தின் மேல் இருந்த ஆசையே பல தடவை போய்விட்டது என்று சொன்னார். நட்ட பயிர் அதுதான், அறுத்ததும் அதைத்தான்.

பழைய_சறுக்கு:
முதலில் ஒரு விஷயம். அவர் பெயர் காக்னர் இல்லை, கானியே. எட்மன்டனுக்காக 2012இல் ஒரே ஆட்டத்தில் எட்டுப் புள்ளி (அடித்த கோலும் உதவிய கோலும் சேர்த்து) எடுத்தவர். அவர் பெயரையே சரியாகச் சொல்லாமல் அவர் கோலை வைத்து இழை திறப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

நீலக்கோடு:
பெயரை எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள் ஐயா. கைதட்டியது சரியா தவறா?

பழைய_சறுக்கு:
கானியே.

வலது_விங்:
வேண்டுமென்றே தோற்பதை லீக் எப்போதோ தண்டிக்கத் தொடங்கிவிட்டது, இங்கே இன்னும் அதைத் திட்டம் என்கிறார்கள். 2019-20இல் டெட்ராய்ட் 71 ஆட்டத்தில் 17தான் ஜெயித்தது. மற்ற எல்லா அணிகளையும்விடப் பல மைல் பின்னால். லாட்டரியில் கிடைத்தது நான்காவது இடம். முதல் தேர்வு நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குப் போனது. இன்றைய விதியில் கடைசி அணியின் எண் முதல் குலுக்கலில் வர 18.5 சதவீத வாய்ப்புதான். ஒரு முழு சீசனை, அத்தனை ரசிகர்களின் குளிர்காலத்தை, இதற்காகவா அடகு வைப்பது?

பனித்தளம்77:
அந்த ரேஞ்சர்ஸ் எடுத்த லாஃப்ரெனியர் முதல் வருடமே லீக்கை ஆளப்போகிறார் என்று இதே இடத்தில் பத்துப் பதிவு போட்டவர் நீங்கள்தானே? அப்போது நான் மறுத்தேன், எனக்கு ஹாக்கியே தெரியாது என்றீர்கள். நான் மறக்கவில்லை.

வலது_விங்:
நான் போட்டது இரண்டு பதிவு, பத்து இல்லை. அதற்கும் டெட்ராய்டின் லாட்டரிக்கும் என்ன சம்பந்தம்? பதில் இல்லாதபோதெல்லாம் பழைய கணக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்.

பனித்தளம்77:
பதில் நிறைய இருக்கிறது. பிட்ஸ்பர்க், 1983-84. கடைசி இடம், 38 புள்ளி. அதற்கு மேலே இருந்த நியூ ஜெர்சி 41. மூன்றே புள்ளி வித்தியாசத்தில் கிடைத்தவர் மாரியோ லெமியூ. 1991, 1992, இரண்டு கோப்பை. லெமியூ வராமல் போயிருந்தால் அந்த ஊரில் இன்று என்எச்எல் அணியே இருந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். சிகாகோ: 2006இல் டேவ்ஸ், 2007இல் கேன். 2010, 2013, 2015, மூன்று கோப்பை. மோசமாக ஆடிய வருடங்கள் போட்ட அடித்தளம் இது.

நீலக்கோடு:
லெமியூ வந்தது 1984, கோப்பை வந்தது 1991. நடுவில் ஏழு வருடம். அந்த ஏழு வருடத்தில் முதல் ஐந்தில் ஒரே ஒரு தடவைதான் பிளேஆஃப். கோப்பை எப்போது வந்தது? 1990 டிராஃப்டில் ஐந்தாவது தேர்வாக யாகர் வந்த பிறகு, 1991 மார்ச்சில் ஹார்ட்ஃபர்டிடமிருந்து ரான் ஃபிரான்சிஸை வர்த்தகத்தில் வாங்கிய பிறகு. கட்டியது வேலை தெரிந்த மேலாளர்கள். தோற்றதற்கு எதற்குப் பாராட்டு? 2007இல் சிகாகோ கடைசி அணியும் இல்லை, லாட்டரியில் ஐந்தாம் இடத்திலிருந்து முதலுக்கு ஏறியது. உங்கள் உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது.

ஆனால் நான் கேட்டது இது இல்லை. பஃபலோ அரங்கத்தில் தட்டிய கை. சரியா?

கிரீஸ்_காவலன்:
கொலராடோவை ஏன் யாரும் பேசவில்லை? 2016-17இல் 48 புள்ளி, கடைசி. லாட்டரியில் நான்காம் இடத்துக்குச் சரிந்தது. அங்கே எடுத்தது கேல் மக்கார். 2022இல் கோப்பை, பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரரும் மக்கார்தான்.

பனித்தளம்77:
அதைத்தானே சொல்கிறேன்! கடைசியில் முடித்தது, மக்கார் வந்தார், கோப்பை வந்தது.

நீலக்கோடு:
நான்காம் இடத்தில் வந்தார்! கடைசி இடத்தின் பரிசு முதல் தேர்வு என்றால் அது நியூ ஜெர்சிக்குப் போய்விட்டதே. கொலராடோ வேண்டுமென்று தோற்கவும் இல்லை. பயிற்சியாளர் பாட்ரிக் ர்வா ஆகஸ்டில் திடீரென்று விலகினார், புதியவர் சீசனுக்குக் கொஞ்ச நாள் முன்புதான் வந்தார், அணி நொறுங்கியது. விபத்தைத் திட்டம் என்று பெயர் மாற்றாதீர்கள்.

கிரீஸ்_காவலன்:
வேண்டுமென்று தோற்கவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? உள்ளே இருந்தீர்களா?

நீலக்கோடு:
பஃபலோ வேண்டுமென்றுதான் செய்தது என்று அந்த ஊர் முழுக்கத் தெரியும். அதனால்தான் கைதட்டினார்கள்.

பனித்தளம்77:
முழு அரங்கமும் தட்டவில்லை. ஒரு பகுதிதான்.

நீலக்கோடு:
ஒரு பகுதியா? நேரடி ஒளிபரப்பில் என் காதால் கேட்டேன். சொந்த அணி ஜெயித்தால் வரும் சத்தம் அது. அன்று அணிந்திருந்த சேபர்ஸ் சட்டையைக் கழற்றி மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன். இன்று வரை எடுக்கவில்லை.

பனித்தளம்77:
ஒலிவாங்கி எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கத்துச் சத்தம்தான் ஒளிபரப்பில் கேட்கும். பாதிப் பேர் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

நீலக்கோடு:
பாதியா? ஒரு பகுதி என்றீர்கள், இப்போது பாதி ஆகிவிட்டது. இன்னும் இரண்டு பதிவில் முழு அரங்கத்துக்கும் வந்துவிடுவீர்கள்.

பழைய_சறுக்கு:
இந்த லாட்டரியே எங்கிருந்து வந்தது என்று யாருக்காவது தெரியுமா? 1992-93 ஒட்டாவா. அலெக்ஸாந்தர் டெய்க்ல் என்ற இளம் ஆட்டக்காரரை டிராஃப்டில் பிடிக்க வேண்டுமென்றே தோற்றது என்ற சந்தேகம் வெடித்து, லீக் விசாரித்து, 1995இலிருந்து லாட்டரி வந்தது. அப்படிப் பிடித்த டெய்க்ல் மொத்தத் தொழில்வாழ்க்கையில் அடித்தது 129 கோல். அதே டிராஃப்டில் இரண்டாவதாகப் போன கிறிஸ் புரோங்கர் இன்று ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். எந்தப் பையன் எப்படி வளர்வான் என்று 18 வயதில் யாரும் சொல்ல முடியாது. எட்மன்டன் 2010, 2011, 2012 என்று மூன்று வருடம் தொடர்ந்து முதல் தேர்வு வாங்கியது. கோப்பை வந்ததா?

பனித்தளம்77:
நான்காவது முதல் தேர்வில் மெக்டேவிட் வந்தார். 2024, 2025, இரண்டு இறுதிப் போட்டி ஆடியது எட்மன்டன்.

பழைய_சறுக்கு:
இரண்டிலும் தோற்றது.

பனித்தளம்77:
நடுவில் சுமாராக ஆடி, 16ஆம் தேர்வு வாங்கி, பிளேஆஃபின் முதல் சுற்றில் வருடா வருடம் வெளியேறும் அணியின் ரசிகனாக இருந்து பார்த்திருக்கிறீர்களா? நான் இருந்திருக்கிறேன். எதிர்பார்ப்பும் கிடையாது, ஏமாற்றம்கூட ஒழுங்காகக் கிடையாது. அதைவிட இரண்டு வருடம் அடிவாங்கி நம்பிக்கையோடு டிராஃப்ட் நாளுக்குக் காத்திருப்பது எவ்வளவோ மேல். பெண்கள் லீக்கான பிடபிள்யுஎச்எல் வைத்திருக்கும் விதி இங்கேயும் வரட்டும், அப்போது பேசலாம். பிளேஆஃப் வாய்ப்பு போன பிறகு யார் அதிகப் புள்ளி எடுக்கிறார்களோ அவர்களுக்கு முதல் தேர்வு. அது இல்லாதவரை அணிகள் இருக்கிற விதியைப் பயன்படுத்தத்தான் செய்யும்.

வலது_விங்:
அந்த விதியைப் போன வருடம் இங்கே முதலில் எழுதியது நான். "பெண்கள் லீக்கை இதில் இழுக்காதே" என்று சொன்னவர் நீங்கள்.

பனித்தளம்77:
நான் அப்படிச் சொல்லவே இல்லை.

வலது_விங்:
பழைய இழையைத் தேடி எடுக்கிறேன், இருங்கள்.

நீலக்கோடு:
செயின்ட் லூயிஸ், 2019 ஜனவரி 3. லீக்கிலேயே கடைசி இடம். உங்கள் திட்டப்படி அன்றே கடையை மூடி ஆட்களை விற்றிருக்க வேண்டும். அவர்கள் ஆடினார்கள். ஜூன் மாதம் கோப்பையைத் தூக்கினார்கள், பஃபலோ விட்டெறிந்த ஓ'ரைலியோடு. ஆடுகிற அணிக்கும் தோற்கக் காத்திருக்கிற அணிக்கும் உள்ள தூரம் அது.

இன்னும் பதில் வரவில்லை. அந்தக் கோலுக்குத் தட்டிய கை சரியா?

பனித்தளம்77:
முதல் பதிவிலேயே சரி என்று சொன்னேன். எத்தனை தடவை கேட்டாலும் அதுதான் பதில். 54, 56. படியுங்கள்.

நீலக்கோடு:
14 சீசன். நீங்கள் படியுங்கள்.

கிரீஸ்_காவலன்:
கொலராடோ பற்றி நான் கேட்டதற்கு இன்னும் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

வலது_விங்:
இழை கிடைத்துவிட்டது. நாலாவது பக்கம், பனித்தளம்77 எழுதியது, சொல்லுக்குச் சொல் அப்படியே இருக்கிறது.