அம்மாவுக்குப் பித்தக்குழாயில் கல்: வாய் வழியாகவே எடுக்கலாமா?

டிக்கோயா மகள்:
அம்மாவுக்கு 52 வயது, தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். பத்து நாளாகக் கண் மஞ்சள், சிறுநீர் பிளேன்டீ நிறம், இராத்திரியெல்லாம் சீப்பால் முதுகைச் சொறிந்துகொண்டே இருக்கிறார். ஸ்கேனில் பித்தக்குழாயில் கல் அடைத்திருக்கிறது என்று சொல்லி, ஈ.ஆர்.சி.பி. (வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுப்பதாம்) செய்யக் கண்டிக்குத் துண்டு தந்திருக்கிறார்கள். அடுத்த வாரம் திகதி. வயிற்றைக் கிழிக்காமல் எப்படி எடுப்பார்கள்? லயத்தில் எல்லோரும் கீழாநெல்லி கொடுத்தால் போதும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

கொட்டகலை அண்ணன்:
தங்கச்சி, இது கல் அடைத்து வந்த காமாலை, எந்தச் சாறு குடித்தாலும் அந்தக் கல் நகராது. எங்கள் அப்பாவுக்கும் இதைத்தான் செய்தார்கள். மயக்க மருந்து கொடுத்து, கமரா வைத்த குழாயை வாய் வழியாக விட்டு, இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலின் தொடக்கம் வரை போவார்கள், பித்தக்குழாய் வந்து திறக்கிற சின்ன வாய் அங்கேதான் இருக்கிறது. அதற்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரேயில் கல்லைப் பார்த்து, குழாயின் அந்தச் சின்ன வாயைக் கொஞ்சம் வெட்டி அகலமாக்கி, பலூனாலோ கம்பிக்கூடையாலோ கல்லைக் குடலுக்குள் இழுத்து விடுவார்கள். அப்புறம் அது மலத்தோடு போய்விடும். 1974இலிருந்தே செய்கிற வைத்தியம்.

வார்ட் தாதி:
ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 100 பேரில் சுமார் 3 முதல் 10 பேருக்குக் கணையம் வீங்கி வயிற்றுவலி வரலாம், அநேகமாக வார்டிலேயே சரியாகிவிடும். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுகிறாரா என்பதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். இந்த வழியில் முடியாவிட்டால் விலாப்பக்கம் ஊசி போட்டு, ஈரல் வழியாகப் பித்தத்தை வெளியே வடிய விடவும் முடியும். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அடுத்த வாரத் திகதியைப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. அடைத்த பித்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே போக வேண்டும்.

பொகவந்தலாவை மருமகள்:
என் மாமியாருக்குக் கல் பெரிசு, முழுதாக எடுக்க முடியாமல் பிளாஸ்டிக் ஸ்டென்ட் (பித்தம் வடிவதற்காகப் பித்தக்குழாய்க்குள் வைக்கிற சின்னக் குழாய்) வைத்து, மூன்று மாதத்தில் வரச் சொன்னார்கள். மஞ்சள் இறங்கியது, நன்றாகச் சாப்பிட்டார், திரும்ப மலைக்கும் போனார். ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) போய்விடுமே என்று கிளினிக் நாளை விட்டுவிட்டோம். எட்டாம் மாதம் பல் கிட்டுகிற நடுக்கம். ஸ்டென்ட் சேறு பிடித்து அடைத்துவிட்டது, எடுத்தபோது கறுப்பாக இருந்தது என்றார்கள். பிழைத்தது அவர் விதி. ஸ்டென்ட் வைத்தார்களா, எப்போது எடுப்பார்கள் என்று கேட்டுக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். பித்தப்பையை எப்போது எடுப்பது என்றும் கேளுங்கள், அது இருந்தால் திரும்பவும் கல் இறங்கலாம்.

டிக்கோயா மகள்:
எல்லோருக்கும் நன்றி. பின்னேரத்திலிருந்து அம்மாவுக்கு உடம்பு சுடுகிறது, இரண்டு கம்பளி போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. ஓட்டோவுக்குச் சொல்லிவிட்டேன், இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம்.